ஒற்றைச் செருப்பும் பன்னிரண்டு வோல்ட்டும்

முள்ளித்துறையில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்புகள் ஒற்றை ஒற்றையாகத்தான் கிடக்கும். ஜோடியில் ஒன்றை வாசலில் விட்டுவிட்டு மற்றதை மாட்டியபடியே உள்ளே போவதுதான் அந்தக் கடற்கரையின் வழக்கம். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அப்படித்தான், கோயிலுக்குள்ளும் அப்படித்தான், புதிதாக வரும் பங்குச்சாமியார்கள் கொஞ்ச நாள் முகத்தைச் சுளிப்பார்கள், பிறகு அவர்களும் ஒரு காலைத் தரையிலும் ஒரு காலை ரப்பரிலும் வைத்துக்கொண்டுதான் பூசை வைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரித்தால் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வருவதில்லை. வேன் வந்து நின்ற வருசத்திலிருந்து இப்படித்தான் என்பார்கள், அதற்குமேலும் கேட்டால் உட்காரச் சொல்லிக் கருப்பட்டிக் காப்பி கொடுத்து இந்தக் கதையைச் சொல்வார்கள்.

வேன் என்றால் மீன் ஏற்றும் வேன் இல்லை, சினிமாக்காரர்கள் உட்கார்ந்து முகத்துக்குப் பூச்சுப் போடுகிற கேரவன். சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி, கட்டில், குளியலறை, தரை முழுக்க அலுமினியத் தகடு என்று ஒரு காலத்தில் ஜோராக இருந்த வண்டி. அதை ஓட்டியவரும் அதன் ஒயரிங்கைப் பார்த்துக்கொண்டவரும் ஒருவரே, நல்லபெருமாள். வண்டி கிழடாகி இரும்புக்கடைக்குப் போக இருந்தபோது முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கேட்டு வாங்கி, கட்டிலை அகலப்படுத்தி, மனைவி அமலோற்பவத்தை அதில் படுக்கவைத்து, அவள் பிறந்த ஊரான முள்ளித்துறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். சின்ன வயதில் நூல்மில்லில் பஞ்சுத்தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து அமலியின் நெஞ்சு தூர்ந்துபோயிருந்தது, மூக்கில் எந்நேரமும் குழாய் இருக்க வேண்டும், குழாய்க்குப் பின்னால் காற்றைப் பிழிந்து கொடுக்கும் மெஷின் ஓட வேண்டும், மெஷின் நின்றால் அவளும் வெகுநேரம் தாங்கமாட்டாள் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அவள் கேட்டதெல்லாம் கட்டிலில் படுத்தபடி கடலைப் பார்க்க வேண்டும் என்பதுதான். வண்டி அந்த ஆசைக்குக் கட்டுப்பட்டதுபோல, கோயிலுக்குப் பின்னால் மணல்மேட்டில் ஏறி, மூக்கு கடலைப் பார்க்க நின்று, ஒரு இருமல் இருமிவிட்டு எஞ்சின் செத்துப்போனது.

அமலியின் அண்ணன் கஸ்பார் தன் வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார், மெஷின் ஓடியது, ஐப்பசி மழை தொடங்கும்வரை ஒரு குறையும் இல்லை. முதல் பெருமழையில் ஊர்முனை டிரான்ஸ்பார்மர் பட்டென்று வெடித்தது. அதே மழையில் ஊருக்கு வரும் ஒரே தரைப்பாலமும் தண்ணீருக்குள் போனது. கோயில் ஜெனரேட்டர் போன திருவிழாவிலேயே புகைந்து போயிருந்தது. கரண்டு ஆபீசுக்குப் போன் போட்டால் மழை விடட்டும், பாலம் தெரியட்டும் என்றார்கள், அது அவர்கள் குற்றமும் இல்லை. ஆக அந்த ஊரில் மிச்சமிருந்த மின்சாரமெல்லாம் கேரவனின் வயிற்றுக்குள் கிடந்த இரண்டு பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்தான், அதைத்தான் இன்வெர்ட்டர் வாங்கிப் பெருக்கி மெஷினுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

நல்லபெருமாள் இயல்பிலேயே பயந்த மனிதர். அமலி தூங்கினால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாடியை எண்ணுவார், எண்ணிக்கை தவறினால் பதறி மறுபடி முதலிலிருந்து எண்ணுவார், அவள் விழித்து "இன்னும் சாகல, கையை விடுங்க" என்றால்தான் விடுவார். கரண்டு போன அன்று அவர் முதலில் பேட்டரிப் பெட்டியைத் திறந்தார். மீட்டரை எடுத்துப் பேட்டரியின் வாயில் வைத்தார், பன்னிரண்டுக்குக் கீழே காட்டியது. வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து ஊற்றிப் பேட்டரி முனைகளில் பூத்திருந்த உப்பைக் கழுவினார், திருகுகளை இறுக்கினார், கூரைமேல் ஏறிச் சோலார் தகட்டைத் துடைத்தார், வானம் பானைக்கரியாக இருந்ததால் அதிலிருந்து ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. உள்ளே வருவது பூஜ்யம், வெளியே போவது அமலியின் மூச்சு, கணக்கு அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் இன்வெர்ட்டர் கீச்சிட ஆரம்பித்துவிடும் என்று தெரிந்தும் அவர் மீட்டரைக் கீழே வைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கஸ்பாரின் மனைவி சலேத்தம்மாள் கஞ்சித்தூக்கோடு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரக்காலோடு உள்ளே ஏறி, அலுமினியத் தகட்டில் கால்நீட்டி உட்கார்ந்து, குவைத்தில் வீட்டுவேலைக்குப் போன மகள் பேசி நாளாகிறது என்று புலம்ப ஆரம்பித்தாள்.

"அந்த வீட்டுக்காரி கைநீட்டி அடிக்கிறவளாம் அண்ணாச்சி. புள்ள போன் எடுக்க மாட்டக்கா. எனக்கு ஈரக்கொலையே நடுங்குது, கண்ணை மூடினா என்னென்னமோ வருது."

நல்லபெருமாள் அவளைப் பார்க்காமல் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிக்கொண்டிருந்த எண் நின்றது, பிறகு ஏறியது. மீட்டருக்குக் கோளாறு என்று தட்டிப் பார்த்தார், ஒரு பல்பை நேரடியாகப் போட்டுப் பார்த்தார், பல்பு பளிச்சென்று எரிந்தது. எங்கிருந்தோ வருகிறது, எங்கிருந்து? இருபது வருசம் ஒயரோடு மாரடித்த மனிதர், விடுவாரா? ஃபியூஸ் பெட்டியைத் திறந்து விளக்கு, விசிறி, தண்ணீர் மோட்டார் என்று ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினார், எண் தடுமாறாமல் ஏறிக்கொண்டே இருந்தது. சலேத்தம்மாள் கால் மரத்துப்போய் எழுந்து பெஞ்சில் ஏறிச் சம்மணம் போட்டபோது மட்டும் ஏற்றம் நின்றது. அவர் அவள் காலைப் பார்த்தார்.

"தங்கச்சி, காலைக் கொஞ்சம் தரையில வையி."

வைத்தாள், ஏறியது. எடுக்கச் சொன்னார், நின்றது. இந்த மாதிரி வண்டிகளில் பேட்டரியின் ஒரு முனை வண்டியின் உடம்போடு முடுக்கியிருக்கும், ஆக வண்டியின் தகடெல்லாம் ஒயர்தான். அந்தத் தகட்டில் வெறுங்கால் பட்டவளின் பயம் உள்ளங்கால் வழியாக இறங்கிப் பேட்டரிக்குப் போய்க்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடித்தபோது நல்லபெருமாள் வாயைப் பிளக்கவில்லை, கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்ட நிம்மதியில் பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். சலேத்தம்மாள் எழுந்து சேலையை உதறிக்கொண்டு, "பேசும்போது பேசுவா, அவ என்ன சின்னப்புள்ளயா" என்று சொல்லிவிட்டு, முணுமுணுத்துப் பாடியபடி மீன் உரசப் போனாள். கட்டிலில் அமலி மூக்கைச் சுருக்கினாள்.

"ஏங்க, காத்து புளிப்படிக்குது. மதினி பயம் மாதிரி இருக்கு."

நல்லபெருமாளின் பயம் மட்டும் ஏன் இறங்கவில்லை என்றால், அவர் காலில் எப்போதும் ரப்பர் செருப்பு இருந்தது. ஒயர் வேலை செய்கிறவன் செருப்பைக் கழற்றினால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் ஷாக்கடித்துச் சாவான் என்று பழக்கிவிட்டிருந்தார்கள், அவரும் வீட்டுக்குள்ளேயே செருப்போடு நடப்பார், தரை சில்லென்று இருக்கிறதென்று அமலிக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளைக்கு வீடென்றும் தெருவென்றும் வித்தியாசம் தெரியாது என்று ஊரில் அதற்கு ஏற்கெனவே ஒரு இளக்காரம் உண்டு.

செய்தி ஊருக்குள் பரவியதும் யாரும் ஆச்சரியப்பட்டு நிற்கவில்லை, அவர்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, வரிசையில் இடம் பிடிக்க வேண்டியிருந்தது. முதலில் போன் சார்ஜ் போட வந்தவர்கள் பிறகு பயத்தை இறக்கிவைக்க வந்தார்கள். வாசலில் செருப்புகள் குவிந்தன, உள்ளே கால்கள் வரிசையாகத் தகட்டில் பதிந்தன. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணின் தாய் வந்தாள், சாவுக்குப் பயந்த மிக்கேல் தாத்தா வந்தார், பெண்டாட்டிக்குப் பயந்தவன் பெண்டாட்டிக்குத் தெரியாமல் வந்தான், அவள் அவனுக்கு முன்பே வந்துபோயிருந்தாள், நாய்க்குப் பயந்த பிள்ளைகளைத் தரதரவென்று இழுத்துவந்து நிறுத்தினார்கள். பங்குச்சாமியார் இதில் பாவம் உண்டா என்று கேட்டவர்களுக்கு ஆமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் மூன்று நாள் தாடியைத் தடவினார், பிறகு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் வந்து வெறுங்காலோடு நின்றார், அதற்கடுத்த ஞாயிறு அவர் பிரசங்கத்தில் நரகம் வரவேயில்லை, சீக்கிரமாக முடிந்ததில் எல்லோருக்கும் சந்தோசம்.

மெஷின் ஓடியது. நிரம்பிய பேட்டரியைப் பார்த்து நல்லபெருமாள் வந்தவர்களையெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார். அமலிக்குத்தான் ஊர்ப்பயமெல்லாம் காற்றோடு காற்றாக மூக்கில் ஏறியது. இது ஊறுகாய் வாசம், பேறுகாலத்துப் பயம், இது கரிந்த வாசம், வட்டிக்காரனுக்கு ஒளிகிறவன் பயம் என்று ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லுவாள், ஆனால் யாருடையது என்பதை வெளியே விடமாட்டாள்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. உள்ளே போன பயம் வெளிச்சமாகவும் வெளியே வந்தது. கேரவன் விளக்கு சன்னல் வழியாக மணலில் விழுந்த இடத்தில் விளையாடிய பிள்ளைகள் திடீரென்று வீறிட்டு அழுதார்கள். அங்கே சார்ஜ் ஏற்றிய போனில் டார்ச் அடித்துக்கொண்டு நடந்தவர்களுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, கொல்லைக்குப் போனவன் பாதியில் திரும்பி ஓடிவந்தான். ஊர்கூடி யோசித்து, மாப்பிள்ளை சன்னலுக்குத் திரை போடட்டும், நாம் இருட்டிலேயே நடப்போம் என்று முடிவு செய்தார்கள். இருட்டில் நடக்க இப்போது யாருக்கும் பயமில்லை, ஆகவே அது ஒரு கஷ்டமாகவும் தெரியவில்லை.

பயம் வற்றிய ஊர் முதலில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள், சண்டை குறைந்தது, வாசல் கதவை யாரும் தாழிடவில்லை. பிறகு நல்லபெருமாள் கண்ணில் மற்றதெல்லாம் பட ஆரம்பித்தது. கொதிக்கிற உலைப்பக்கம் தவழ்ந்த பிள்ளையைத் தாய் பார்த்துக்கொண்டு நின்றாள், அதன் கை வெந்தபிறகுதான் தூக்கினாள். ஒருவன் நல்லபாம்பை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான். மாதா சொரூபம் இருக்கும் கெபியில் மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு கையும் நீளவில்லை. சலேத்தம்மாளின் மகள் ஒருநாள் குவைத்திலிருந்து பேசினாள், அழுதாள், சலேத்தம்மாள் "சரி சரி, சாப்பிடு" என்று வைத்துவிட்டு அரிசி களைந்தாள். அன்று நல்லபெருமாளுக்கு இந்த ஊரைப் பார்த்தே பயம் வந்தது. இவர்களிடம் சொல்ல வேண்டும், காலை எடுங்கள் என்று சொல்ல வேண்டும் என்று வாய்வரை வரும்; மெஷினின் சத்தம் காதில் விழும், வாயை மூடிக்கொள்வார். அந்த வெட்கத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் புயல் வந்தது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றியாயிற்று, யாரும் கடலுக்குள் போகக்கூடாது என்று எல்லார் போனிலும் வந்தது, எல்லாரும் படித்தார்கள், படித்துவிட்டு வலையை எடுத்து வைத்தார்கள். மத்தியானமே அந்திபோல இருண்டிருந்தது. அலை கோயில் படிவரை வந்து திரும்பியது. இந்த மாதிரி நாளில் படகைத் தள்ளிக் கடலுக்குப் போவேன் என்று ஒருவன் சொன்னால் பெண்டுகள் அவன் காலைக் கட்டிக்கொண்டு மண்ணில் புரளுவார்கள். அன்று தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொடுத்துவிட்டு, சீக்கிரம் வாங்க என்று வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

நல்லபெருமாள் மழையில் ஓடினார். செருப்பு மணலில் புதையப் புதைய ஒவ்வொரு படகாக ஓடிப்போய் அதன் மூக்கான அணியத்தைப் பிடித்து இழுத்தார்.

"மச்சான், நீராவது கேளும்! கடலைப் பாரும், பேய் புடிச்ச மாதிரி நிக்கி. போனா ஒருத்தன் திரும்ப மாட்டான்!"

கஸ்பார் அவர் தோளில் கைபோட்டு அன்பாகச் சிரித்தார். "மாப்ள, ஒமக்கு எப்பவும் பயந்தான். கொந்தளிப்புலதான் வே மீன் மேல வரும். போயி அமலியப் பாரும், நான் அவளுக்கு ஊழி மீனு கொண்டாரேன்."

படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக அலைக்குள் இறங்கின. ஒவ்வொரு அலையும் அவற்றைச் செங்குத்தாக நிமிர்த்திக் கீழே அறைந்தது, உள்ளே இருந்தவர்கள் ஊஞ்சலாடுகிற பிள்ளைகளாகக் கூவிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கக் கேட்க நல்லபெருமாளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த ஊரில் இப்போது பயப்படத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவரும் கட்டிலில் கிடப்பவளும். அவர் திரும்பி வேனுக்கு ஓடினார்.

அமலி முன்கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

"அண்ணன் போயிட்டானா?"

"கேக்கல அமலி. ஒருத்தனும் கேக்கல."

"அவங்க எப்படிக் கேப்பாங்க? அவங்க பயமெல்லாம் நம்மகிட்டல்லா இருக்கு." அவள் மூச்சு வாங்கினாள். "லைட்டைப் போடுங்க. வண்டி மூஞ்சி கடலைப் பாத்துதான நிக்கி? பெரிய லைட்டைப் போடுங்க. அவங்க மேல விழட்டும்."

நல்லபெருமாளுக்குப் புரிந்தது. முன்விளக்கு இரண்டும் பேட்டரியைக் குடம் குடமாகக் குடிக்கும். பேட்டரி காலியானால் மெஷின் நிற்கும், தரைப்பாலம் தண்ணீருக்குள், டாக்டர் அந்தக் கரையில்.

"மெஷினு நின்னுரும், அமலி."

"தெரியும்."

"என்னால முடியாது."

"அது அவங்க பொருளுங்க. இத்தனை நாளு நான் இழுத்த மூச்செல்லாம் அவங்க பொருளு. எங்க அண்ணனை மீனுக்குக் குடுத்துட்டு எனக்கு எதுக்குங்க மூச்சு?"

அவர் அழுதுகொண்டே டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்தார். ஸ்விட்சைப் போட்டார், விளக்கு எரியவில்லை. இத்தனை மாதம் தொடாமல் கிடந்த விளக்கு, உப்புக்காற்று சும்மா விட்டிருக்குமா? பல்பு வைத்துச் சோதித்துப் பார்த்தார், ஃபியூஸ் வரைக்கும் கரண்டு வந்தது, அதற்கப்பால் இல்லை. ஃபியூஸைப் பிடுங்கினால் அதன் கால்கள் பச்சையாகப் பூத்து உதிர்ந்தன. தடித்த ஒயர் ஒன்றைப் பேட்டரியிலிருந்து நேராக இழுத்துவந்து மழையில் நனைந்தபடி விளக்கின் முதுகில் சொருகினார், அப்போதும் எரியவில்லை. அப்படியானால் எர்த். எந்தத் திருகு வழியாக விளக்கு வண்டியின் உடம்போடு சேருமோ அந்தத் திருகு துருப்பிடித்துக் கட்டியாக இருந்தது. கத்தியால் சுரண்டினார், விரலைக் கிழித்துக்கொண்டார், இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டி ஒயரை வைத்துத் திருகை முடுக்கினார்.

விளக்கு எரிந்தது. ஒரு ஊரின் பயமெல்லாம் இரண்டு கற்றையாகக் கிளம்பி மழையைக் கிழித்துக் கடல்மேல் விழுந்தது. வெளிச்சம் பட்ட முதல் படகில் சிரிப்பு நின்றது. பிறகு, மாதாவே என்று ஒரு அலறல் கேட்டது, அடுத்த படகிலும் கேட்டது. தங்களைச் சுற்றி நின்ற கடலை அப்போதுதான் பார்த்தவர்கள்போல அவர்கள் துடுப்பை அள்ளினார்கள், மோட்டாரைத் திருப்பினார்கள், ஒருவன் படகின் அடித்தட்டில் சுருண்டு படுத்துக்கொண்டான். படகுகள் வளைந்து கரையைப் பார்த்துத் திரும்பின. கரையில் வெளிச்சம் சிதறி விழுந்த வீடுகளிலிருந்து பெண்டுகள் தலைவிரிகோலமாக ஓடிவந்தார்கள், புருசன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், கத்தியபிறகுதான் தாங்களே சோறு கட்டிக் கொடுத்தனுப்பியது நினைவு வந்து மாரில் அடித்துக்கொண்டார்கள்.

கஸ்பாரின் படகு மட்டும் தூரத்தில் போய்க்கொண்டே இருந்தது. வெளிச்சம் அதுவரை எட்டவில்லை. விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகி, மங்கிக்கொண்டிருந்தது. வேனுக்குள் இன்வெர்ட்டர் கீச்சிட்டது, பிறகு அதுவும் ஓய்ந்து, மெஷின் நின்றது. நல்லபெருமாள் உள்ளே பாய்ந்தார். அமலியின் வாய் கரையில் போட்ட மீனின் வாயாகத் திறந்து மூடியது, ஆனால் அவர் விளக்கை அணைக்கக் கையை நீட்டியபோது அவள் தலையை ஆட்டினாள், கூடாது, கூடாது என்று.

அப்போது நல்லபெருமாள் செருப்பைக் கழற்றினார்.

உள்ளே நிற்கும்போது செருப்பைக் கழற்றுவது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஈரத் தகட்டில் இரண்டு காலையும் ஊன்றி நின்றார். டாக்டர் சொன்ன நாளிலிருந்து சேர்ந்த பயம், எண்ணிய நாடிகளின் பயம், இவள் இல்லாத வீட்டுக்குள் தனியாக நுழையும் ஒரு சாயங்காலத்தை நினைத்து நினைத்து வளர்த்த பயம், ஊரை ஏமாற்றி மூச்சு வாங்குகிறோமே என்ற பயம், எல்லாம் உள்ளங்கால் வழியாக இறங்கியது. டாஷ்போர்டில் இருந்த வோல்ட் மீட்டரின் முள் கடைசிவரை போய் முட்டிக்கொண்டு நின்றது. மெஷின் உறுமி ஓடியது, கண்ணாடியைச் சுற்றி பல வருசமாக எரியாத பல்புகள்கூட எரிந்தன, முன்விளக்கு வெள்ளைவெளேரென்று நீண்டு அடிவானத்தைத் தொட்டுக் கஸ்பாரின் படகைப் பிடித்தது.

ஊர்முழுக்கச் சேர்ந்து கொடுத்ததைவிட அந்த ஒரு மனிதரிடம் அதிகம் இருந்தது என்று முள்ளித்துறையில் இன்றும் சொல்வார்கள், சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

கஸ்பார் கரையேறியபோது கடலைத் திரும்பிப் பார்க்கவில்லை. மற்றவர்கள் மணலில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் மட்டும், படகை அலையிலேயே விட்டுவிட்டு, "அமலி! ஏ அமலி! எந்தங்கச்சிக்கு மூச்சு இருக்கால?" என்று அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டு வேனைப் பார்த்து ஓடிவந்தார். அவர்மேல் விழுந்தது அவருடைய பயம் அல்ல.

அவர் வந்து பார்த்தபோது அமலி சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், கன்னத்தில் கண்ணீர் ஓடியிருந்தது. நல்லபெருமாள் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, திறந்த கதவு வழியாகச் சாரல் அடிப்பதைப் பொருட்படுத்தாமல், சீழ்க்கையடித்தபடி தேயிலை கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

"வாரும் மச்சான், நல்ல மழைல்லா? டீ குடியும்."

கஸ்பார் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நல்லபெருமாள் அதை வேடிக்கை பார்த்தார். பின்னால் சலேத்தம்மாள் வந்தாள், கடற்கரையில் ஓடியதில் ஒரு செருப்பு தொலைந்திருந்தது, மற்றதைக் கழற்றும் நினைவில்லாமல் அப்படியே உள்ளே ஏறினாள். "எம்மவள நான் அழவிட்டுட்டு அரிசி களைஞ்சேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மீட்டர் முள் கொஞ்சம் ஏறியது. அவள் பயமும் அவளிடம் கொஞ்சம் மிச்சமிருந்தது, அவள் உடனே மகளுக்குப் போன் போட ஓடினாள். வாசலில் நின்ற ஊர் இதைப் பார்த்தது. ஒவ்வொருவராக ஒரு செருப்பைக் கழற்றினார்கள், ஒரு செருப்பை மாட்டிக்கொண்டார்கள், உள்ளே வந்து கொஞ்சம் கொடுத்துவிட்டுக் கொஞ்சத்தை வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். டிரான்ஸ்பார்மர் வரும்வரை அப்படித்தான் மெஷின் ஓடியது, டிரான்ஸ்பார்மர் வந்தபிறகும் பழக்கம் போகவில்லை.

ஆனால் அன்று எல்லோரும் போனபிறகு, வேனுக்குள் இருவரும் தனியாக இருந்தபோது, அமலி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் டீ டம்ளரைக் கழுவினார், கொட்டாவி விட்டார், குழாய் மடங்கிக் கிடந்ததைத் தாண்டிப் போனார், அவள் இருமியபோது திரும்பவில்லை. அவர் கெட்ட மனிதராகிவிடவில்லை, முகம் குழந்தை முகமாகத் தெளிந்திருந்தது, அத்தனை வருசத்தில் அவள் பார்க்காத முகம்.

"ஏங்க, இங்க வந்து உக்காருங்க."

வந்து உட்கார்ந்தார்.

"நீங்க செருப்பைக் கழட்டினப்ப காத்து எப்படி இருந்துச்சு தெரியுமா? யாரோ நெஞ்சுமேல ஏறி உக்காந்த மாதிரி இருந்துச்சு. இத்தனையும் என்னைப் பத்தியா? இத்தனையையும் வச்சுக்கிட்டா எனக்கு ரசம் வச்சுக் குடுத்திய?"

"அதெல்லாம் போச்சு இப்ப. லேசா இருக்கு அமலி. நீ தூங்கு, ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க சொன்னா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது." அவள் கையை நீட்டித் தலைமாட்டில் இருந்த சின்ன விளக்கின் ஸ்விட்சைத் தொட்டாள்.

"போடாத. பேட்டரி எறங்கும்."

"எறங்கட்டும். காலையில ஊருசனம் வரும். எல்லாத்தையும் நானே இழுத்துட்டா எனக்காகப் பயப்பட ஆளு வேண்டாமா?"

விளக்கைப் போட்டாள். மஞ்சள் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. கொஞ்சநேரம் அவர் சும்மா இமைத்துக்கொண்டிருந்தார். பிறகு புருவம் நெரிந்தது, உதடு துடித்தது, மடங்கிக் கிடந்த குழாய் கண்ணில் பட்டுப் பதறி நிமிர்த்தினார், எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார், போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டார். கட்டிலுக்கு அடியில் காலாலேயே துழாவிச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்து முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். அமலி விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினாள்.